சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு

மக்கள் நல்வாழ்வுத் துறையில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டங்களை வகுப்பவர்களுக்கும், மாவட்டந்தோறும் அவற்றை மேற்பார்வை பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்கு வீடு பீடித் தட்டு இருக்கும் தென்மாவட்டத்து ஊர்கள் சில என் பொறுப்பில் இருந்தன. வேலைக்குச் சேர்ந்தபோது தடுப்பூசியும் பிரசவமும்தான் எங்கள் உலகம். பிற்பாடு தொற்றா நோய்ப் பரிசோதனை வந்தது. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு பிரஷர், சுகர் பார்ப்பதோடு மார்பையும் கர்ப்பப்பை வாயையும் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ் பார்ப்பார். மார்பில் கட்டி மாதிரி ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். சீட்டு வாங்கியவர் போனாரா என்று வீட்டுக்கே போய்க் கேட்பது என் வேலை.

என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அரசாங்கப் பதிவேடு இல்லை, நானே கடையில் வாங்கியது. சீட்டு வாங்கியும் போகாதவர்களை அதில் எழுதி வைத்தேன். ஏன் போகவில்லை என்று கேட்டபோது சொன்னதை அவர்கள் வாய்ப்பேச்சிலேயே எழுதினேன். ஓய்வு பெற்ற அன்று பதிவேடுகளை எல்லாம் எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, அடுத்து வந்த பெண்ணிடம் ஒப்படைத்தேன். இந்த நோட்டை யாரும் கேட்கவில்லை. அதில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வராது.

முதல் பக்கத்தில் இருப்பவர் நாற்பத்தேழு வயது அம்மா. பீடி சுற்றியே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இடது மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி, வலி கிடையாது. முதல் தடவை நான் போனபோது, "வலிக்கவே இல்லையே நர்ஸம்மா, வலிச்சா போவ மாட்டனா?" என்றார். வலிக்காத கட்டியைத்தான் கவனிக்க வேண்டும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். இரண்டாம் தடவை போனபோது வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த மகளுக்குக் கேட்காமல் பேசினார். "மவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம். இப்ப நான் கேன்சர் ஆஸ்பத்திரி வாசல மிதிச்சேன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். அம்மாவுக்கு வந்தா மவளுக்கும் வரும்னுல்லா சொல்லுவாவ." மூன்றாம் தடவை நிச்சயம் முடிந்திருந்தது. நான்காம் தடவை கல்யாணம் முடிந்து, மகள் உண்டாகியிருந்தாள். வளைகாப்பு முடியட்டும் என்றார்.

பதினாறு மாதம் கழித்து அவரே வந்தார். அதற்குள் தோல் உடைந்திருந்தது. பேரன் பிறந்து ஐந்து மாதம்வரை இருந்தார்.

போகாததற்கான காரணத்தை நாங்கள் ஒரு படிவத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. 'விழிப்புணர்வின்மை' என்று எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். மேலே அனுப்பினால் கேள்வி வராத சொல் அது. ஆனால் அந்த அம்மாவுக்கு விழிப்புணர்வு இல்லையென்று என்னால் இப்போது சொல்ல முடியவில்லை. இந்த நோய் சில குடும்பங்களில் வழிவழியாக வரும் என்று டி.வி.யில் ஒரு டாக்டர் சொன்னதைக் கேட்டு வைத்திருந்தார். மரபணு வழியாக வருவது நூற்றுக்கு ஐந்து பத்துப் பேருக்குத்தான் என்ற மீதிப் பாதி அவர் காதுக்கு வந்து சேரவில்லை. நாம் சொன்ன பாடத்தைப் பாதி கேட்டு, அதை வைத்துக் கணக்குப் போட்டு, மகள் பக்கம் முடிவெடுத்தார். அவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு நோட்டீஸ் இல்லை. மகளுக்குச் சம்பந்தம் பேசும் வீடு அறியாமல் போய்வர ஒரு வழி.

நோட்டைப் புரட்டினால் இதே மாதிரி கணக்குகள்தான். கணவரை இழந்து ஒண்டியாக இருக்கும் ஒருவர் எழுதச் சொன்னது: "ஆஸ்பத்திரியில கூட யாரு வந்திருக்கான்னு கேப்பாவ. யாரச் சொல்லுவேன்?" நூறு நாள் வேலைக்குப் போகும் ஒருவர்: "ரெண்டு வேளை போட்டோ எடுக்காவ. ஒரு போட்டோவுக்கு ஆள் இல்லன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல." வாரத் தவணை கட்டும் ஒருவர், குழுக் கூட்டம் நடக்கும் நாளிலேயே ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள் என்றார். கட்டாமல் போனால் மற்ற பெண்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்களாம். இன்னொருவர் சொன்னதை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்: "ஊசி போட்டுச் சதை எடுத்தா கட்டி கலைஞ்சி ஒடம்பு பூரா பரவிரும். எங்க சித்திக்கு அப்படித்தான் ஆச்சி." சித்தி நோய் முற்றிய பிறகு போனவர். ஊசி போட்ட மூன்றாம் மாதம் இறந்தார். ஊர் பார்த்தது ஊசியையும் சாவையும். நடுவில் இருந்த இரண்டு வருடத் தாமதம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்தது. மகன் உதவியோடு படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் மணிலாவில் நடந்தது தெரியவந்தது. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் ஏன் கூட்டங்களில் ஒருவரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

1996-97இல் பிலிப்பைன்ஸ் தலைநகர்ப் பகுதியில் நர்சுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி கொடுத்து, 35 முதல் 64 வயதுவரை உள்ள பெண்களின் மார்பைக் கையால் பரிசோதிக்க வைத்தார்கள். 1,38,392 பெண்களைப் பார்த்தார்கள். அதில் 3,479 பேருக்குச் சந்தேகம் என்று சீட்டு எழுதினார்கள். அடுத்த பரிசோதனைகளை முழுதாக முடித்தவர்கள் நூற்றுக்கு 35 பேர். வீடு தேடிப் போய்க் கேட்ட பிறகும் வேண்டாம் என்று மறுத்தவர்கள் நூற்றுக்கு 42 பேர். மீதிப் பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. முதல் சுற்றோடு அந்த முயற்சியை நிறுத்திவிட்டார்கள். கையால் பார்ப்பது உயிரைக் காக்குமா என்று தெரிந்துகொள்ளத் தொடங்கிய ஆய்வு, அந்தக் கேள்விக்குப் போகும் முன்பே நின்றுபோனது.

வீடு தேடிப் போன பிறகும் நூற்றுக்கு 42 பேர் மறுத்தார்கள் என்ற வரியைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆறுதலாகக்கூட இருந்தது. என் கையாலாகாத்தனம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மணிலாவை மட்டும் பார்த்துவிட்டு, கையால் பார்ப்பதே வீண் என்று முடிவு கட்டக் கூடாது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை சேரிப் பகுதிகளில் இதையே இருபது ஆண்டுகள் நடத்தியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள். 2021இல் வந்த முடிவின்படி நோய் முன்கூட்டியே பிடிபட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை. நர்சின் கைக்கு மதிப்பு உண்டு என்று காட்டிய ஆய்வு அது. அங்கே பெண்களை வரவழைக்கவும், சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிவரை கொண்டுசேர்க்கவும் ஆள் இருந்தது. போய்ச் சேரும் இடமும் ஒன்றே, சிகிச்சையும் இலவசம். மணிலாவிலும் மும்பையிலும் கை ஒரே கைதான். பலன் மாறியது சீட்டு எழுதிய பிறகு நடந்ததில் என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் மார்பகப் பரிசோதனை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் 5.6 விழுக்காடு. நாடு முழுதும் ஒரு விழுக்காடுகூட இல்லை. ஒப்பிட்டால் நாம் முன்னால் நிற்கிறோம், அதில் எனக்கும் பெருமைதான், ஏனென்றால் அந்த எண்ணில் என் ஊர்ப் பெண்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. 2023இல் நான்கு மாவட்டங்களில் அழைப்புச் சீட்டு கொடுத்துப் புற்றுநோய்க்கென்றே பரிசோதனை தொடங்கினீர்கள். இதெல்லாம் எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற எண்ணைக் கூட்டும். பார்த்தவர்களில் சந்தேகத்துக்கு உரியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் 'இது இன்ன கட்டி' என்ற பதிலோடு வீடு திரும்பினார்கள் என்பதுதான் நான் தேடும் எண்.

2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் 98,000 பேர் அதனால் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கு. சீக்கிரம் கண்டால் பெரும்பாலோர் பிழைக்கக்கூடிய நோய்க்கு இது அதிகம்.

இனி நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சீட்டு வாங்கிய பெண்களிடம் வருடக்கணக்காக ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: "பயப்படாதீங்க, கேன்சரா இருந்தாலும் சீக்கிரம் பார்த்தா குணமாக்கிடலாம்." பயிற்சியில் கற்றுக்கொடுத்தது. சொன்னதில் பொய்யில்லை. கேட்டவர்களோ அதில் ஒரே ஒரு சொல்லைத்தான் கேட்டார்கள். அதற்குப் பிறகு நான் பேசியது எதுவும் உள்ளே போகவில்லை. ஒருவர் கண் என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ நிலைத்து நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெளியே போனதும் சீட்டை நாலாய் மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துவிட்டார். "தெரியாமலே இருந்துட்டுப் போறேன், தெரிஞ்சா அன்னைக்கே செத்துருவேன்" என்று பிறகு சொன்னார். இப்படிச் சொன்னவர்கள் என் நோட்டில் நிறைய. இதை மூடநம்பிக்கை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தாங்க முடியாத பதில் வரும் என்று தோன்றினால் கேள்வியையே கேட்காமல் விடுவது மனித சுபாவம். படித்தவர்களும் செய்கிறார்கள். நானே ஐம்பது வயதுவரை யாரிடமும் என் மார்பைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளவில்லை. கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் காட்ட வெட்கம், கட்டி இருந்துவிட்டால் என்ற பயம். இரண்டும் சேர்ந்து, நேரமில்லை என்று ஒரு பெயரைப் போட்டுக்கொண்டன.

பின்னாட்களில் வேறு மாதிரி பேசினேன். "மார்ல கட்டின்னா பத்துக்கு எட்டு சாதாக் கட்டியாத்தான் இருக்கும். இது எந்தக் கட்டின்னு ஒரு பேரு வாங்கிட்டு வந்துருவோம்." பேர் வாங்கிட்டு வருவோம் என்றதும் சிலர் சிரித்தார்கள், குழந்தைக்குப் பேர் வைப்பது போல இருக்கிறதாம். சிரித்தவர்கள் போனார்கள். எல்லாரும் இல்லை. ஆனால் முன்னைவிட அதிகம் பேர்.

பேச்சு யார் காதில் விழுகிறது என்பது அடுத்த சிக்கல். பதிவு செய்யும்போது ஒரு போன் நம்பர் கேட்கிறோம். என் ஊர்களில் பல பெண்களிடம் சொந்த போன் கிடையாது. கணவர் நம்பரையோ மகன் நம்பரையோ கொடுப்பார்கள். பிரஷர் மாத்திரைக்கு அது போதும். மார்புப் பரிசோதனைக்கு அதே நம்பரில் கூப்பிட்டு, "உங்க அம்மாவுக்கு மார்பகப் பரிசோதனை பாக்கி இருக்கு" என்று மகனிடம் சொன்னால் என்ன ஆகும்? பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அந்த போனை எடுத்துவிட்டு, அம்மாவிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, சொல்லவே இல்லை. மூன்று தடவை அழைத்தோம் என்று கணக்கில் இருக்கும். அந்த அம்மாவுக்கு ஒரு தடவையும் செய்தி போகவில்லை.

மாமியார், கணவர் விஷயத்தில் நாம் ஒரு பக்கமாகவே பேசுகிறோம். அவர்கள் தடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் தடுக்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். பெண்ணிடம் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் மட்டும், கணவரைத் தனியே திண்ணையில் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். கொத்தனார் ஒருவர், "இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே வண்டில கூட்டிட்டுப் போயிருப்பேன்ல" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். இன்னொரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். எந்த வீடு எப்படி என்று அந்தத் தெருவுக்குள் நடப்பவருக்குத்தான் தெரியும். தலைமையிடத்தில் இருக்கும் அழைப்பு மையத்துக்குத் தெரியாது.

சரி, பயத்தையும் வீட்டையும் தாண்டி ஒருவர் கிளம்பிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து தாலுகா ஊர்வரை மகளிர் கட்டணமில்லா டவுன் பஸ். அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கு ரூட் பஸ், அதில் இலவசம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் புறநோயாளிச் சீட்டுக்கு ஒரு வரிசை, அறுவைப் பிரிவில் இன்னொரு வரிசை. டாக்டர் பார்த்து ஸ்கேனோ மேமோகிராமோ எழுதுவார். அதற்கு வேறொரு நாள். படம் வந்ததும் ஊசி டெஸ்டுக்கு இன்னொரு நாள். ரிசல்ட் வாங்க மற்றொரு நாள். நாலு நாள் பீடி சுற்றாமல் இருந்தால் கடைக்குக் கணக்கு ஒப்படைக்க முடியாது. காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நாமும் சொல்லி அனுப்புகிறோம். நோய் இன்னதென்று தெரிந்து சிகிச்சைக்குப் போன பிறகு அந்த அட்டை பெரிய துணை, மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் நாலு நாளின் பஸ் காசுக்கும் சோற்றுக்கும் போன கூலிக்கும் எந்த அட்டையும் கிடையாது. பாதிப் பேர் உதிர்வது அந்த நாலு நாளுக்குள்தான்.

அங்கே எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, நானும் அந்தத் துறையில் சம்பளம் வாங்கியவள். ஒரு சம்பவம் மட்டும். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். போய்விட்டு வந்த ஒரு பெண், காலனித் தெருவைச் சேர்ந்தவர், இரண்டாம் நாள் போக மறுத்தார். "சட்டையக் கழட்டுன்னு சொன்னாவ. கழட்டினேன். ஏழு பேரு நின்னாவ, பையனுவளும் உண்டு. எம் பேரக்கூடக் கேக்கல. 'இங்க பாரு, இங்க அமுக்கிப் பாரு'ன்னு பாடம் நடத்துனாவ. நான் சுவத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்." மாணவர்கள் படிக்க வேண்டும்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே, பாருங்க தம்பி என்றிருப்பார். அவர் திரும்பப் போகவே இல்லை. அந்தத் தெருவிலிருந்து அந்த வருடம் வேறு யாரும் போகவில்லை. ஊரில் செய்தி பரவ நமக்குத்தான் முகாம் வேண்டும்.

இதைவிட நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. கட்டி சாதாக் கட்டி என்று ஆனவர்கள் கதை. அவர்களால் நமக்குத் தொந்தரவு இல்லை, பதிவேட்டில் ஒரு டிக். ஆனால் சீட்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். நாலு நாள் அலைந்து, நாலு ராத்திரி தூங்காமல், கடைசியில் ரிசல்டை வாங்கினால் அங்கிருப்பவர் தாளைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல, போ" என்கிறார். அந்தப் பெண் ஊருக்கு வந்து என்ன சொல்வார்? "சும்மா போட்டு அலைய விட்டாவ." அடுத்து சீட்டு வாங்குகிற பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் புத்திமதி அதுதான். அலைந்து வந்த பெண்ணுக்கும் மறுபடி பரிசோதனைக்கு வர மனம் இருக்காது, அடுத்த கட்டி சாதாக் கட்டியாக இல்லாமல் போகலாம் என்றாலும். "நீங்க வந்தது நல்லதாப் போச்சும்மா. இது கொழுப்புக் கட்டி, பயமில்ல. மறுபடி ஏதாவது மாறினா உடனே வாங்க" என்று உட்கார வைத்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

நல்லது நடந்ததையும் எழுத வேண்டும். என் எல்லைக்குள் ஒரு பெண்மணி இருந்தார். ஒரு பக்க மார்பை எடுத்து ஒன்பது வருடம் ஆகியும் நன்றாக இருந்தார், இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டு. தனக்கு வந்ததை யாரிடமும் மறைத்தவர் இல்லை. ஒரு நாள், சீட்டை மடித்து வைத்துவிட்ட ஒருவர் வீட்டுக்கு என்னோடு வந்தார். நான் பேச வாயெடுக்கும் முன்பே, "யத்தா, கதவச் சாத்து" என்றார். ரவிக்கையை அவிழ்த்துத் தழும்பைக் காட்டினார். "தொட்டுப் பாரு. இவ்வளவுதான்." அந்தப் பெண் தொட்டார். இரண்டு பேரும் அழவில்லை. நான்தான் அழுதேன். மறுநாள் காலை ஆறரை பஸ்ஸுக்கு இருவரும் ஒன்றாகப் போனார்கள். அந்த வருடம் அவர் கூட்டிப்போன மூன்று பேரும் ரிசல்ட்வரை போய் வந்தார்கள். பஸ் காசை அவர் மாவு விற்ற காசிலிருந்தே போட்டார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இதற்கு வெளிநாட்டில் முறையான பெயரும் சம்பளமும் உண்டு என்று பிறகு படித்தேன். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ஹார்லெம் பகுதியில் ஹாரோல்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர் 1990இல் இதைத் தொடங்கினார். 1964 முதல் 1986 வரை அவருடைய மருத்துவமனைக்கு மார்பகப் புற்றுநோயோடு வந்த 606 பெண்களில் பாதிப் பேர் முற்றிய நிலையில் வந்தவர்கள். பாதிப் பேருக்குக் காப்பீடு இல்லை. ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 39 பேர். ஃப்ரீமன் இலவசப் பரிசோதனை வைத்தார். அதோடு, சந்தேகம் வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வழித்துணையை நியமித்தார். தேதி வாங்குவது, விண்ணப்பம் நிரப்புவது, பயத்தைக் கேட்டுக்கொள்வது, கூடவே நடப்பது எல்லாம் அந்த ஆளின் வேலை. பின்னால் வந்த பெண்களில் ஐந்து வருடம் பிழைத்தவர்கள் நூற்றுக்கு 70 பேர் ஆனார்கள். ஹார்லெமின் ஏழைப் பெண்களுக்கும் என் ஊர்ப் பெண்களுக்கும் மொழி, மதம், சாப்பாடு எதுவும் ஒன்றில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் தனியாக நிற்பது ஒன்றுதான்.

ஆகவே நான் கேட்பது இது. மாவு விற்றவர் செய்ததைச் சம்பளம் உள்ள வேலையாக்குங்கள். புது ஆட்களைத் தேட வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், நோயிலிருந்து மீண்ட பெண்கள் இருக்கிறார்கள். சீட்டு எழுதும்போதே அந்தப் பெண்ணுக்கு ஒரு வழித்துணையின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் கூடப் போகும் நாளுக்கு இருவருக்கும் பஸ் காசும், போகிற பெண்ணுக்கு ஒரு நாள் கூலியும் கொடுக்க வேண்டும். வீணாகப் போகும் காசு இல்லை இது. முற்றிய நோய்க்குக் காப்பீடு கட்டும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நான் கணக்குப் போட வேண்டியதில்லை.

பெரிய ஆஸ்பத்திரிகளில் வாரம் ஒரு நாள், டாக்டர், ஸ்கேன், ஊசி டெஸ்ட் மூன்றையும் ஒரே நாளில் முடிக்க ஏற்பாடு செய்யுங்கள். ரிசல்டைக் கூப்பிட்டுச் சொல்லலாம், வழித்துணையின் வழியாக, அந்தப் பெண் சொன்ன நம்பருக்கு, அவர் சொன்ன நேரத்துக்கு. யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று பதிவின்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் கூடும், அவ்வளவுதான். பரிசோதனை அறையில் திரை போடச் சொல்லி உத்தரவே தேவையில்லை என்று நினைத்திருந்தேன். தேவைப்படும் போலிருக்கிறது.

எண்ணுவதையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் மார்பகப் புற்றுநோய்க்கு வைத்த இலக்குகளில் ஒன்று, முதன்முதலில் மருத்துவரிடம் காட்டிய நாளிலிருந்து அறுபது நாளுக்குள் நோய் இன்னதென்று உறுதி செய்வது. நம் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் 'பரிசோதிக்கப்பட்டோர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'அறுபது நாளில் பதில் பெற்றோர்' என்று ஒரு கட்டம் சேருங்கள். முதல் மாதம் அந்தக் கட்டத்தில் வரும் எண் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். செவிலியர்களைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த மாதம் எண் சரியாகிவிடும், பெண்கள் வந்திருக்க மாட்டார்கள். முப்பது வருடம் பதிவேடு எழுதியவள் சொல்கிறேன்.

போகாததற்கான காரணக் கட்டத்தில் 'விழிப்புணர்வின்மை' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு, அந்தப் பெண் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். மாவட்டத்துக்கு ஒருவர் உட்கார்ந்து மாதம் ஒருமுறை அதைப் படித்தால் போதும். என் நோட்டு வேண்டுமென்றால் தருகிறேன், பெயர்களை அழித்துவிட்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்

பின்குறிப்பு: சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டின் பின்பக்கம் எப்போதும் காலியாகத்தான் இருந்தது. எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்த வாசல், எந்த அறை, அங்கே யாரைக் கேட்க வேண்டும் என்பதை அங்கே அச்சடிக்கலாம். கடைசி இரண்டு வருடம் நான் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். படிக்கத் தெரியாதவர்கள் அதைக் கண்டக்டரிடம் காட்டினார்கள்.